மேடு குறைந்த குதிரை

இதைப் போய்க் குதிரை என்று யாராவது சொல்வார்களா, கழுதை என்று சொல்லக்கூட வாய் வராது... நடுவில் மேடாக எழும்பி இரண்டு பக்கமும் வழுக்கி இறங்க வேண்டிய வளைவு, யாரோ மேலே ஏறி உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதுபோல் தட்டையாகக் கிடக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, தகரத்தில் வெட்டி வைத்திருந்த மாதிரி வளைவை அதன் தலையில் வைத்துப் பார்த்தான், இடைவெளியில் வெளிச்சம் பல்லை இளித்தது, அதுவும் நட்ட நடுவில் இளிக்காமல் கனத்த தந்திப் பக்கமாகச் சாய்ந்து இளித்தது. வயலினின் வயிற்றின்மேல் நின்று நான்கு தந்திகளையும் சுமக்கிற சின்ன மரத்துண்டு, உள்ளங்கையில் வைத்து மூடினால் காணாமல் போய்விடும், ஆனால் தந்தி சொல்வதை மரத்துக்கு எடுத்துச் சொல்கிற வாய் இதுதானே, இத்தனை வருஷமாக அவளுடைய வயலின் இந்தக் கோணல் வாயோடா பேசிக்கொண்டிருந்தது? அவளுடைய என்றால், அவன் மனைவியுடைய. அதுதான் வேடிக்கை. ஊரில் இருக்கிற வயலினும் செல்லோவும் கித்தாரும் அவன் பட்டறைக்கு வந்து உடம்பு தேறிப் போகும், அவன் வீட்டு வயலின் மட்டும் நான்கு தெரு தள்ளி ஈரத்துணிக்காரர் கடைக்கு வைத்தியத்துக்குப் போகும். பிதுங்கும் பசையைத் துடைக்க எந்நேரமும் தோளில் ஒரு ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே திரிகிற மனுஷர், அந்தப் பெயர் அவருக்கு எதிரிலேயே புழங்கும், கோபப்படமாட்டார், துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவர் வெட்டிய குதிரைதான் இது... பார்த்தீர்களா மகா ஜனங்களே என்று கூவலாம்போல் இருந்தது. காலையில் அவள் வந்து பெட்டியை மேசையில் வைத்தபோது அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “வழி தவறி வந்துட்டியா?” என்றான். “அவர் கடை சாத்தியிருக்கு, ஊர்ல இல்லையாம். ஓரத்துல ஒரு இடம் விட்டுப்போச்சு, ஒட்டிக் கொடுங்க, சாயங்காலம் வேணும்” என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. ஒட்டினால் போதுமாம். போதும் என்று அவள் சொல்லலாம், இந்தக் குதிரையைப் பார்த்த பிறகு அவன் கை கேட்குமா? மரத்துணுக்குகள் போடும் தகர டப்பாவை நோக்கி அதை விட்டெறிந்தான், டங்கென்று விழுந்தது, மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஆனால் பசை... பசையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க முடியாது, எரிச்சலே அங்கேதான். மேற்பலகை விளிம்பில் விட்டுப்போன இடத்தைக் காலையில் விளக்கு வைத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, ஒட்டு விட்டிருக்கிறதே தவிர ஒரு நார் மரம்கூடப் பிய்ந்து வரவில்லை. தோலைக் காய்ச்சி எடுக்கிற வச்சிரப் பசையை வேண்டுமென்றே நீர்க்கக் கரைத்துத் தடவியிருக்கிறார், காற்று வறண்டு மரம் சுருங்கும்போது இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், பசை பிடிவாதக்காரனாக இருந்தால் பலகை பிளந்துபோகும், பசை கொஞ்சம் இளகின மனசாக இருந்தால் ஒட்டு மட்டும் விடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கெட்டியாக ஒட்ட எவனுக்கும் தெரியும், எவ்வளவு கெட்டியாக ஒட்டக்கூடாது என்று தெரிவதற்கு... சரி சரி, போதும் புகழ்ந்தது. பல் வைத்தியர்களின் குட்டிக் கண்ணாடியை ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பார்த்திருக்க வேண்டாம், பார்த்துத் தொலைத்தான், பழைய விரிசல் ஒன்றின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுத்துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரமும் காகிதம்போலச் சீவி மரத்தோடு மரமாகக் கரைத்து... உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று இத்தனை அழகு? நான் பார்ப்பேன் என்றா? இப்படி ஒரு கை, குதிரை என்று வந்ததும் ஏன் இப்படிச் சொதப்பியது, கண் மங்கிவிட்டதோ, வயசாகிவிட்டதோ, பாவம் என்று நினைக்கப் போனவன் பாவம் என்கிற சொல் எவ்வளவு தித்திப்பாக இருக்கிறது என்று தானே வெட்கப்பட்டான். கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டிருக்கிறான், ஏன் என்னிடம் தருவதில்லை என்று. “உங்க கையில கொடுத்தா வயலினைத்தான் பாப்பீங்க, வாசிக்கிறவளைப் பாக்கமாட்டீங்க” என்று சிரித்தாள், அவனும் சிரித்தான், வேறு யாரைப் பார்க்க வேண்டும், பழுது வயலினில்தானே இருக்கிறது?

இப்போது நல்ல மேப்பிள் மரத்துண்டு ஒன்று, நாலைந்து வருஷம் அலமாரியில் உலர்ந்தது, விரலால் சுண்டினால் கிண்ணென்று பதில் சொல்லும், எப்போதாவது பெரிய மனுஷன் வீட்டு வயலின் வந்தால் போடலாம் என்று பத்திரப்படுத்தியதை அவளுக்காக எடுத்தான். அதன் கால்களை வயலின் மேற்பலகையின் வளைவோடு பொருந்தும்படி சீவி, இடுப்பைக் குறுக்கி, நெஞ்சில் இதயம்போல் ஒரு ஓட்டை எடுத்து, தலையில் அந்த வளைவு, எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் சரி என்பார்களே அந்த வளைவு... இன்றைக்கு மாலை மண்டபத்தில் குழு முழுவதும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க, அவள் மட்டும் தனியாகக் கனத்த தந்தியில் நீளமாக வாசித்துத் தொடங்க வேண்டும். போன மாதம் குழுத்தலைவர் அவளிடம், இந்தத் தடவை வேறு யாராவது தொடங்கட்டுமே, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றாராம், வீட்டுக்கு வந்து தண்ணீர்க்கூஜாவை மேசையில் வைத்த வேகத்தில் அவனுக்கு விஷயம் புரிந்தது, முதல் நாற்காலி ஆடுகிறது. இன்றைக்குச் சரியாக வாசித்துவிட்டால் நாற்காலி அவளுக்கு, பிசகினால் மரியாதையாகப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். வாசிக்கட்டும், இந்தக் குதிரையோடு வாசிக்கட்டும், எவன் அனுப்புகிறான் பார்க்கலாம்... கதவு தடதடவென்று அதிர்ந்தது. காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிற கதவு, தூசி பறந்து வார்னிஷில் விழும் என்று உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தான், எட்டித் திறந்தால் மைத்துனன், அவள் தம்பி, தந்தியும் வில்லுக்கு மயிரும் பிசின் கட்டியும் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவன்.

“என்ன மாமா, பட்டப்பகல்ல தாழ்ப்பாள்? உள்ள தங்கம் உருக்குறீங்களா?”

“தூசி வரக்கூடாதுன்னு போட்டேன். நீ வந்துட்ட.”

மைத்துனன் மேசையைப் பார்த்தான், கண் விரிந்தது. “இது அக்காவோடது இல்ல? அடேங்கப்பா! டாக்டர் பொண்டாட்டி கடைசியில சொந்த ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்துட்டாளா? பாத்து மாமா, ஆபரேஷன் கோணலாச்சுன்னா வீட்ல சோறு நின்னுடும்.”

“யாரு போடற சோறு மாப்ளே? மாசக்கணக்கா அடுப்புல நின்னு கிளறுறது நான்தான். உங்க அக்கா உக்காந்து உப்பு சரியா இருக்கான்னு சொல்லுவா.”

“குடுத்து வச்சவ. இந்தாங்க நீங்க கேட்ட கட்டு. இப்பதான் ஈரத்துணிக்காரர் கடையில ஒரு கட்டு இறக்கிட்டு வரேன், உங்களை விசாரிச்சார்.”

“என்னவாம்?”

“உங்க மாமா எப்படி இருக்கார், இன்னைக்குக் கையில வேலை இருக்கான்னு கேட்டார். அவ்வளவுதான். முறைக்காதீங்க, நான் வரேன்.”

கையில் வேலை இருக்கிறதாவா... என்ன விசாரிப்பு இது, வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பா, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி காதில் கொசுபோல் சுற்றியது. உங்கள் வேலையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், சட்டென்று வாயில் வராது, எல்லாம் ஆள் போன பிறகுதான் வரும். காலையில் ஒட்டிய விளிம்பின் பிடிகளைக் கழற்றி, நகத்தால் தட்டிப் பார்த்தான், எங்கும் ஒரே மாதிரிச் சத்தம், இறுகியிருந்தது. புதுக் குதிரையை நிறுத்தி, உள்ளே நிற்கிற குச்சி நகர்ந்துவிடாமல் தந்திகளை ஒவ்வொன்றாக, தந்தி முறுக்கும் பிரடையைச் சுண்டு சுண்டாகத் திருகி ஏற்றினான். வில்லை எடுத்து மெல்ல ஒரு இழுப்பு... அடடா. எப்பேர்ப்பட்ட வயலின் இது, இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டுக் கேட்டு இதன் குரல் கம்பளி போர்த்தியதென்று நினைத்திருந்தான், இப்போது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறது. ஒரு மாதமாகச் சுவர் வழியாக வந்துகொண்டிருந்த அந்தத் தொடக்கம் அவனுக்கு மனப்பாடம், வாசித்துத்தான் பார்ப்போமே, தையல்காரன் தைத்த சட்டையை ஒரு தடவை போட்டுப் பார்ப்பதில்லையா, அந்த அளவுக்கு அவனுக்கும் வாசிக்க வரும். மோவாயில் இடுக்கிக்கொண்டான், கனத்த தந்தியில் வில்லை வைக்க முழங்கை தானாக மேலே போயிற்று, தோள் உயரத்துக்கு, நீளமாக இழுத்தான், மேசை விளக்கின் தகரக் குடைகூட அதிர்ந்தது, எதிரே அலமாரிக் கண்ணாடியில் ஒரு ஆள் கொக்கு சிறகைத் தூக்கியதுபோல் முழங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பார்க்க ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை? அவள் இப்படி நிற்பதில்லை... போன தடவை மண்டபத்தில் பார்த்தானே, கனத்த தந்தியில்கூட அவள் முழங்கை எழும்பவில்லை, மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கியவள்போல் விலாவோடு ஒட்டியே இருந்தது, வீட்டுக்கு வந்து, நீ இப்போதெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் வாசிக்கிறாய், அதுவே ஒரு தனி அழகு என்று பாராட்டினான், அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

முழங்கையை இறக்கி, விலாவோடு ஒட்டி வைத்து, அதே இழுப்பை மறுபடி இழுத்தான். வில் கனத்த தந்தியோடு அடுத்த தந்தியிலும் விழுந்தது, இரண்டும் சண்டைக்காரிகள்போல் ஒன்றாக முனகின. இன்னும் கவனமாக இழுத்தான், முனகல். நடு மேடு அவ்வளவு உயரமாக நின்றால் கையைத் தூக்காமல் அந்தத் தந்தியைத் தனியாகத் தொட வழியே இல்லை, மேடு தட்டையாக இருந்தால்... வில்லைக் கீழே வைத்துவிட்டான். மேடு தட்டையாக இருந்தால், அதுவும் கனத்த தந்திப் பக்கமாகத் தட்டையாக இருந்தால், கை எழும்பாதவள் வாசிக்கலாம். கை எழும்பாதவள். சமையலறையின் மேல்தட்டு டப்பாக்கள் எல்லாம் எப்போது கீழே இறங்கின? அடுக்கி வைக்கிறாள் என்றுதானே நினைத்தான், துணி காயப்போடும் கயிறு தாழ்ந்து அவன் தலையில் இடித்தபோது முடிச்சு நழுவியிருக்கிறது என்று தானே மறுபடி மேலே தூக்கிக் கட்டினானே மடையன், மறுநாள் அது மறுபடி தாழ்ந்திருந்தது, நீளமான கூந்தலை ஒரு நாள் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாள், உனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றான், பொருத்தம்... சீவக் கை எழும்பாதவளுக்குப் பொருத்தமாகத்தானே இருக்கும், அடுப்பில் கிளறுவதை அவனிடம் தள்ளிவிட்டபோது தன் கைமணம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டான். மயிரிழை விரிசலை மூடிய கண்ணால் தடவியே கண்டுபிடிக்கிறவன் என்று ஊரில் பேர், வீட்டுக்குள் இத்தனை பெரிய விரிசல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தது, வலது பக்கம் திரும்பிப் படுக்காமல் இடது பக்கமே படுத்தது, ஒரு நாளும் ஆ என்று சொல்லவில்லை, சொல்லவே இல்லை... நான்கு தெரு தள்ளி ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அல்லது அவரிடமும் சொல்லவில்லையோ? வாசித்துக் காட்டியிருப்பாள், அவர் பார்த்திருப்பார்.

தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். துணுக்கும் சுருளும் மரத்தூளுமாகக் கொட்டியது, முழங்காலில் உட்கார்ந்து கிளறினான், இருக்கிறது, கால் உடையவில்லை, நல்ல வேளை, கிழட்டுக் கழுதையே, வா. உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தபோது முதலில் பார்க்காததெல்லாம் தெரிந்தது, தெரிந்தது என்பதைவிட அது பேசியது என்று சொல்ல வேண்டும். மேப்பிள் வெட்டிய இடம் காற்றுப்பட்டுப் பட்டு நிறம் ஏறும், இந்தத் தலையில் ஒரே நிறம் இல்லை, ஓரத்தில் தேன் நிறம், அதற்கு உள்ளே வெளிர்ந்து ஒரு பட்டை, அதற்கும் உள்ளே இன்னும் வெளிர்ந்து ஒன்று, நடுவில் போன வருஷம் வெட்டியதுபோல் கிட்டத்தட்ட வெள்ளை... ஒரே நாளில் கண்ணை மூடிக்கொண்டு சொதப்பியது இல்லை இது, அவள் தோள் இறுக இறுக, கூடவே நடந்து வந்து, கேட்டுக் கேட்டு, இன்றைக்கு இவ்வளவு போதும் இன்றைக்கு இவ்வளவு போதும் என்று ஒரு இம்மி ஒரு இம்மியாகச் சீவியிருக்கிறார். மேலே கோணல், காலைப் பார்த்தால் காகிதம் நுழையாது, அப்படி உட்காரும். தன் பெயருக்குக் கெடுதி என்று தெரிந்தும் இப்படி ஒரு கோணலைத் தன் கடையிலிருந்து வெளியே அனுப்ப எவ்வளவு தைரியம் வேண்டும், என்னைப்போல் ஒருவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைகொட்டிச் சிரிப்பான் என்று அவருக்குத் தெரியாதா, தெரியும், சிரிக்கட்டும் என்று துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரையாவது விடு, அவள்... தந்திகள் இவ்வளவு நெருங்கின உயரத்தில் நிற்கும்போது நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் தொட வேண்டுமென்றால் வில்லுக்கு இடமே இல்லை, கை ஒரு நூல் அசைந்தால் பக்கத்துத் தந்தி முனகிவிடும், கத்தியின் முனையில் நடப்பது மாதிரி. இத்தனை வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் உளியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறான், ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த முனகலைக் கேட்டதுண்டா? யோசித்து யோசித்துப் பார்த்தான். இல்லை. கை போகப் போக அவள் வாசிப்பு நுணுகி நுணுகி, யாருக்கும் சொல்லாமல் ஒரு புது வித்தையையே கற்றுக்கொண்டிருக்கிறாள், என் வீட்டில், நான் சோறு கிளறிக்கொண்டிருக்கும்போது.

புதுத் துண்டில் இதே வளைவை வெட்டிக் கொடுக்கலாம், இதைவிட நன்றாகவே வெட்டிக் கொடுக்கலாம். கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரியும் என்பது. அவளே மூடி வைத்ததைத் திறக்க நான் யார், அதுவும் இன்றைக்கு, மண்டபத்துக்குப் போகிற நேரத்தில்... விளிம்பை ஒட்டச் சொன்னாள், விளிம்பை ஒட்டினேன், வேறொன்றும் பார்க்கவில்லை. அப்படியே இருக்கட்டும். தந்திகளைத் தளர்த்தி, புது அழகனை இறக்கி மேசையில் படுக்கவைத்து, கிழட்டுக் கழுதையின் மேலிருந்த தூளைத் துடைத்து, அது பழைய தடத்திலேயே காலை வைத்து நிற்கும்வரை நகர்த்தி நகர்த்தி, மறுபடி சுண்டு சுண்டாக ஏற்றினான். முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தான், துடைத்த ஈரத்துணி தன் தோளில் கிடந்தது. எப்போது போட்டுக்கொண்டான்? அவசரமாக எடுத்து ஆணியில் மாட்டினான்.

அவள் வந்தபோது வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்திருந்தது. மண்டபத்துக்குப் போகிற கறுப்பு உடை, பை இடது தோளில், எப்போதும் இடது தோளில். வயலினைக் கையில் வாங்கி ஒட்டிய விளிம்பை விரலால் ஒரு தடவை தடவினாள், அதற்கப்புறம் குதிரையைப் பார்த்தாள், விளிம்பைப் பார்த்ததைவிட அதிக நேரம். மோவாயில் இடுக்கிக்கொண்டு அந்தத் தொடக்கத்தை வாசித்தாள். அவன் வயலினைப் பார்க்கவில்லை. முழங்கை விலாவைவிட்டு நகராமலே வில் நீண்டு நீண்டு போயிற்று, கழுத்தோரத்தில் ஒரு நரம்பு மட்டும் இறுகியது, சத்தம் கனத்து எழுந்து பட்டறை முழுக்க நின்றது, கம்பளி போர்த்திய குரல்தான், அந்தக் கம்பளிக்குள் எவ்வளவு சூடு... பக்கத்துத் தந்தி மூச்சுவிடவில்லை.

“குதிரையை மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள் வில்லை இறக்கி.

“எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாவா இருக்கு? உங்க கண்ணுக்கா?” அவள் பார்வை மேசையில் படுத்திருந்த புதுக் குதிரைக்குப் போய்த் திரும்பியது. “இது யாருக்கு?”

“அது... வேற ஒரு ஆளுக்கு.”

“ஓ” என்றாள். பெட்டியில் வயலினை வைத்தாள், துணியைப் போர்த்தினாள், மூடாமல் நின்றாள். “வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?”

“நேரமாச்சு, நீ கிளம்பு. கடையைச் சாத்திட்டுப் பின்னாடியே வரேன்.”

அவள் சிரித்தாள், கண் சிரித்ததா என்று சொல்ல முடியவில்லை. கதவுவரை போய் நின்றாள். “தாழ்ப்பாள்” என்றாள். எப்போதும் இப்படித்தான், பட்டறைக்கு வந்தால் போகும்போது நின்று, தாழ்ப்பாள் என்பாள், அவன் எழுந்துபோய்த் திறந்துவிட வேண்டும், மகாராணி என்று அவன் கேலிசெய்வான், இன்றைக்கும் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டுத் திறந்தான். பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள், வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டே போயிற்று, பார்க்கத் தெரிந்தால் ஊருக்கே தெரிகிற மாதிரி.

நல்ல வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டான், அவள் ரகசியம் அவளிடமே இருக்கிறது, பசைபோல, தேவைக்கு மேல் இறுக்காமல்... கதவைச் சாத்தித் தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். மைத்துனன் என்ன சொன்னான்? இப்பதான் ஈரத்துணிக்காரர் கடையில ஒரு கட்டு இறக்கிட்டு வரேன். கடை சாத்தியிருக்கிறது, ஊரில் இல்லை என்றாளே. கடை திறந்திருக்கிறது, மனுஷர் உள்ளே நின்று, உங்கள் மாமாவுக்கு இன்றைக்குக் கையில் வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்... வேலை இருக்கிறதா என்று, இன்றைக்கு என்று. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஒட்டு விட்டுப்போனதால் வந்த வயலின் இல்லை இது, அவள் கொண்டுவந்து வைத்தது. வாசிக்கிறவளைப் பார்க்கமாட்டீங்க என்று சொன்னவள், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, பார்க்கிறானா பார்க்கலாம் என்று... நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா என்று கதவு திறந்ததுபோல் கேட்டாளே... இல்லை, நானாகக் கோத்துக்கொள்கிறேனோ? உண்மையிலேயே காலையில் கடை சாத்தியிருந்து, அப்புறம் திறந்திருக்கலாம், அவர் சும்மாவே விசாரித்திருக்கலாம். தலைக்கு மேல் கை வலித்தது, எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறேன் இந்தத் தாழ்ப்பாளை, மகாராணியாம். திருப்புளியை எடுத்துவந்து திருகுகளைக் கழற்றினான், மண்டபத்துக்கு நேரமாகிறது, ஆனாலும் கழற்றினான், தாழ்ப்பாள் கையோடு வந்தது, வார்னிஷ் படாத வெள்ளை மரம் அது இருந்த இடத்தில் தெரிந்தது. காதில் பென்சிலைத் தேடி எடுத்து, கீழே புது இடம் குறிக்கப் போனான், கண் மட்டத்துக்கா, தோள் மட்டத்துக்கா, இன்னும் கீழேயா... அந்தக் குதிரையின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை. பென்சில் மரத்தைத் தொடாமல் நின்றது. அவள் கை எதுவரை எழும்பும் என்று அவனுக்குத் தெரியவில்லை, கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமாகவும் அது இல்லை. தாழ்ப்பாளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிற கதவை அப்படியே விட்டுவிட்டு, அவன் தெருவில் இறங்கி வேகமாக நடந்தான்.